அகஸ்ரினின் தீர்க்கதரிசி

ஜோசப்பின் வேலையால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. தம்பி அகஸ்ரின் ஒரு மெல்லிய புத்தகத்தைக் கொண்டுவந்து அவளிடம் நீட்டினான்.

"அக்கா, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ. உண்மையோ பொய்யோ எண்டு மட்டும்."

அட்டையில் மோர்மன் சபையைத் தொடங்கிய தீர்க்கதரிசி ஒரு ஏமாற்றுக்காரர் என்று கொட்டை எழுத்தில் ஆங்கிலத்தில் போட்டிருந்தது.

"ஆர் தந்தது?"

"இரத்தினவேல்."

"அவனுக்கு வேற வேலையில்லை. நீயும் ஏன் வாங்கினனீ?"

அகஸ்ரின் போய் அவளுக்குத் தேத்தண்ணி போட்டான். தனக்கு வெறும் சுடுதண்ணியை ஊற்றிக்கொண்டான். அந்த மோர்மன் சபையில் சேர்ந்த பிறகு அவன் தேயிலையைத் தொடுவதில்லை.

ஜோசப்பின் ஊரில் கொன்வென்ற் ஒன்றில் இங்கிலிஷ் படிப்பித்தவள். ரொறொன்ரோவில் அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளர். மொழிபெயர்க்கிறவர் 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது, 'நான்' என்றுதான் சொல்லவேண்டும். அதனால் காலையில் இருந்து அவள் நான் ஒளித்திருந்தேன், என்னை அடித்தார்கள், என் மகனைக் கொண்டுபோனார்கள் என்று இங்கிலிஷில் சொல்லிக்கொண்டே இருப்பாள். வீட்டுக்கு வந்தால் தன்னுடைய கதை என்று கதைக்க வாயில் ஒன்றும் மிஞ்சாது.

அகஸ்ரின் எண்பத்தொன்பதில் வந்தவன். மனைவி றோஸ்மேரியும் கைக்குழந்தையாக இருந்த மகள் நிலாணியும் ஊரில் நின்றார்கள். அவன் பார்க்டேலில் ஒரு அறையில் ஆறேழு பேரோடு படுத்தெழும்பி, அவர்களைக் கூப்பிடக் கடதாசி போட்டிருந்தான். கடதாசி நகர்ந்துகொண்டிருந்தபோதே வீட்டில் ஷெல் விழுந்தது. இரண்டு பேரையும் அடக்கம் செய்தது ஜோசப்பின். அடுத்த வருடம் அவள் கனடாவுக்கு வந்தபோது, விமான நிலையத்தில் தம்பி அவளைக் கட்டிப்பிடித்து அழுதான். அதற்குப் பிறகு இரண்டு பேரும் அதைப்பற்றிக் கதைத்ததில்லை. மோர்னிங்சைட்டில் ஒரே அப்பார்ட்மென்றில் இருந்தார்கள், ஒரே சட்டியில் சமைத்தார்கள், அவ்வளவுதான்.

ஒரு பனிக்காலத்தில் அவனுடைய கார் றோட்டுக்கரையில் புதைந்து நின்றபோது, சட்டையில் பெயர்ப்பட்டி குத்திய இரண்டு வெள்ளைக்கார மோர்மன் பெடியள் வந்து தள்ளிவிட்டார்கள். பிறகு வீட்டுக்கும் வந்தார்கள். எல்லாச் சமயக்காரரையும் போலத்தான் கதைத்தார்கள். ஆனால் ஒருநாள் ஒருவன், "உங்கள் மனைவி இப்போதும் உங்கள் மனைவிதான், மகள் இப்போதும் மகள்தான்" என்று சொன்னான். அதுவரைக்கும் ஆறுதல் சொன்ன எல்லாரும் கடவுளின் சித்தம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். அகஸ்ரின் அடுத்த வருடமே அந்தச் சபையில் ஞானஸ்நானம் எடுத்தான்.

நாலு தலைமுறையாகக் கத்தோலிக்கரான குடும்பம். ஜோசப்பின் சில நாள் அவனோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு, சண்டை பிடிக்கிறதுக்கும் சீவன் வேண்டுமே என்று விட்டுவிட்டாள்.

தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு அகஸ்ரின் எதிரே இருந்தான்.

"பிரம்ரனில எங்கட பெரிய கோயில், ரெம்பிள், இருக்கெல்லோ. அங்க போனால் என்னையும் றோஸ்மேரியையும் நிலாணியையும் ஒண்டாச் சேர்த்து வைப்பினம், எண்டெண்டைக்கும். செத்தவைக்குப் பதிலா வேற ஆக்கள் நிப்பினம்."

"றோஸ்மேரி செபமாலையோட செத்தவள். அவளைக் கேட்டனியே?"

"அவவுக்கு விருப்பமில்லையெண்டால் மறுக்கலாமாம். அப்பிடித்தான் சொல்லுகினம்." தன் கோப்பையைத் தள்ளி வைத்தான். "உள்ளுக்குப் போக எங்கட சபையை நடத்துற பிஷப் அனுமதி தரவேணும். அவர் கேள்வி கேப்பார். எங்கட தீர்க்கதரிசியை நம்புறியா எண்டு கேப்பார். இரத்தினவேல் இதைத் தந்தபிறகு எனக்கு வாய் வராது போலக் கிடக்கு. பொய் சொல்லிப்போட்டு மனிசியிட்டயும் பிள்ளையிட்டயும் போக எனக்கு ஏலாது அக்கா."

"ஏன் என்னைக் கேக்கிறாய்?"

"நீங்கள்தானே ஒவ்வொரு நாளும் ஆர் உண்மை சொல்லுறது எண்டு பாக்கிறனீங்கள்."

"நான் பாக்கிறேல்லையடா. நான் மொழிபெயர்க்கிறன். பாக்கிறது வேற ஆள்."

ஆனாலும் அன்று படுக்க முதல் அவள் அதைத் திறந்தாள்.

இரத்தினவேல் கெட்டவன் இல்லை. பார்க்டேல் அறையில் அகஸ்ரினோடு ஒரே பாயில் படுத்தவன். சைவக்காரனாக வந்து, குடித்து அழிந்து, பெந்தகொஸ்தே சபையொன்றில் சேர்ந்து திருந்தினவன். இப்போது ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் தமிழ்ச் சபை நடத்துகிறான். நண்பன் நரகத்துக்குப் போகிறான் என்று அவனுக்கு உண்மையிலேயே பயம்.

புத்தகத்தில் குற்றச்சாட்டுகள் வரிசையாக இருந்தன. அடிக்குறிப்புகளும் இருந்தன. ஜோசப்பின் ஒரு சனிக்கிழமை சப்வே எடுத்து யங் வீதியில் இருக்கும் பெரிய நூலகத்துக்குப் போனாள். சபைக்காரர் எழுதினது, எதிரிகள் எழுதினது, இரண்டு பக்கமும் சேராத சரித்திரப் பேராசிரியர்கள் எழுதினது என்று மேசையில் அடுக்கினாள். அடுத்த சனிக்கிழமையும் போனாள். கண் எரிந்தது. தான் நம்பாத ஒரு மனிதனுக்காக ஏன் இந்தப் பாடு என்று நடுவில் ஒருதரம் தலையை மேசையில் வைத்துக் கொஞ்சநேரம் கிடந்தாள்.

ஒரு குற்றச்சாட்டு ரொறொன்ரோவைப் பற்றியது. ஆயிரத்து எண்ணூற்று முப்பதில், தங்கத் தகடுகளிலிருந்து மொழிபெயர்த்ததாகச் சொன்ன வேதப்புத்தகத்தைக் கனடாவில் அச்சிடும் உரிமையை விற்க, ரொறொன்ரோவுக்குப் போங்கள் என்று தீர்க்கதரிசிக்குக் கடவுள் சொன்னாராம். ஆட்கள் போனார்கள், ஒருவரும் வாங்கவில்லை, ஆகவே பொய்த் தீர்க்கதரிசி. ஜோசப்பின் தேடிப் பார்த்தாள். அந்தக் கதையை எழுதியவர் தொடக்கத்தில் கூட இருந்த ஒருவர். பிறகு சபையை விட்டு விலகியவர். ஆனால் தகடுகளைக் கண்டது உண்மை என்று சாகும்வரை சொன்னவர். அவர் அதை எழுதியது ஐம்பது வருடங்களுக்கு மேல் கழித்து. ஆயிரத்து எண்ணூற்று முப்பதில் இந்த நகரத்துக்கு ரொறொன்ரோ என்று பெயரே இல்லை, யோர்க் என்றுதான் பெயர். போனவர்களில் ஒருவரோ, தாங்கள் போனது கிங்ஸ்ரனுக்கு என்று எழுதியிருந்தார். கடவுள் சொன்னதாகச் சொல்லப்பட்ட வசனங்கள் எங்கே என்று பார்த்தால், அவள் புரட்டிய எந்தப் புத்தகத்திலும் அவை இருக்கவில்லை. போனது உண்மை. விற்காமல் திரும்பியதும் உண்மை. மிச்சம் எல்லாம் ஒரு கிழவனின் ஞாபகம். கிழவனின் ஞாபகம் என்பதால் பொய் என்றும் சொல்ல முடியாது. ஊர்ப் பெயரை மாற்றிச் சொன்னவர் சங்கதியைச் சரியாகச் சொல்லியிருக்கலாம்.

அந்தக் கிழமை ஒரு விசாரணையில் மன்னார்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். விமான நிலையத்தில் கொடுத்த வாக்குமூலத்தில் வீட்டுக்கு ஒரு ஆமிக்காரன் வந்தான் என்று இருந்தது. இப்போது இரண்டு பேர் என்றாள். எது சரி என்று விசாரிக்கிறவர் மரியாதையாகத்தான் கேட்டார். ஜோசப்பின் தமிழில் கேட்டாள்.

"ரெண்டு பேர்தான். மற்றவன் வாசலில நிண்டவன். என்னோட கதைச்சது ஒருத்தன்தானே, அதுதான் அண்டைக்கு அவனை மட்டும் சொன்னனான்."

ஜோசப்பின் அதை 'நான்' என்று இங்கிலிஷில் சொன்னாள். சொல்லும்போதே நூலகத்து மேசை நினைவுக்கு வந்தது. தீர்க்கதரிசி தனக்குக் காட்சி கிடைத்த கதையை முதலில் தன் கையால் எழுதியபோது ஆண்டவர் ஒருவரைத்தான் சொல்லியிருந்தார். சில வருடம் கழித்து பிதாவும் சுதனும் என்று இரண்டு பேரைச் சொன்னார். பொய்யன், கதையை வளர்த்தான் என்றார்கள் எதிரிகள். முதல்முறை தன்னோடு பேசியவரை மட்டும் சொன்னார் என்றார்கள் சபைக்காரர். உண்மை சொன்ன ஆட்கள் இப்படிச் சொல்லி ஜோசப்பின் கேட்டிருக்கிறாள். யாரோ சொல்லிக்கொடுத்து இதே வசனத்தை ஒப்புவித்த ஆட்களையும் கேட்டிருக்கிறாள். முகத்தைப் பார்த்து ஒருநாளும் அவளால் பிரிக்க முடிந்ததில்லை.

விசாரணை முடிந்து கை கழுவும்போது அந்தப் பெண் பின்னாலேயே வந்தாள்.

"அக்கா, அவர் நம்பினவரோ?"

"எனக்குத் தெரியாதம்மா."

"நீங்கள்?"

ஜோசப்பின் கையைத் துடைத்துக்கொண்டு, முடிவுக் கடதாசி வீட்டுக்கு வரும், பயப்படாதேங்கோ என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிறு பூசைக்குப் போய்வந்த பிறகு அவள் அகஸ்ரினைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். அவனும் தன்னுடைய கோயிலால் வந்து, கழுத்துப்பட்டியைக் கழற்றாமல் இருந்தான்.

"முதல்ல சொல்லுறன், இந்தப் புத்தகம் எழுதினவன் நேர்மையானவன் இல்லை. சந்திரனில மனிசர் இருக்கினம் எண்டு தீர்க்கதரிசி சொன்னதாப் போட்டிருக்கு. அது அவர் செத்துப் பல வருசத்துக்குப் பிறகு ஒருத்தர் ஞாபகத்தில எழுதினது. எழுதினவர் அதைக் கேட்டதாச் சொல்லுற நேரம் சின்னப் பெடியன். வேற சில இடத்தில வசனத்தைப் பாதியில வெட்டியிருக்கு."

அகஸ்ரினின் முகம் வெளித்தது. "அப்ப பொய்தானே?"

"பொறு. அவன் நேர்மையில்லாதவன் எண்டதால எல்லாம் பொய் எண்டு வராது." அவள் நெற்றியைத் தேய்த்தாள். "அமெரிக்காவில உள்நாட்டுச் சண்டை வரும், தென் கரோலினாவில தொடங்கும் எண்டு கிட்டத்தட்ட முப்பது வருசம் முந்திச் சொன்னவர். அது நடந்தது. ஆனால் அந்த நேரம் பேப்பருகளும் அந்தப் பக்கம் சண்டை வரும் எண்டு எழுதினதுதான். மிசூரியில ரெம்பிள் ஒண்டு அந்தத் தலைமுறைக்குள்ளயே எழும்பும் எண்டார். எழும்பேல்லை. அங்கத்தைச் சனம் அவையளை விரட்டிப்போட்டுது, அதாலதான் எண்டு உங்கட ஆக்கள் சொல்லுகினம்."

"ம்."

"என்னால தாண்டிப்போக ஏலாதது வேற. எகிப்துச் சுருள் கொஞ்சம் வாங்கி, இது ஆபிரகாம் எழுதினது எண்டு மொழிபெயர்த்தவர். அந்தச் சுருளில கொஞ்சம் அறுபதுகளில நியூயோர்க் மியூசியமொண்டில கிடைச்சிருக்கு. எகிப்து எழுத்துப் படிச்ச ஆக்கள் வாசிச்சால், அது செத்தவையோட வைக்கிற மந்திரம். ஆபிரகாமின்ர பேரே இல்லை. மிச்சச் சுருள் எரிஞ்சு போச்சு, அதில இருந்திருக்கும் எண்டு உங்கட ஆக்கள் சிலர் சொல்லுகினம். இருந்திருக்கலாம். ஆனால் தம்பி, நான் செய்யிறது அந்த வேலை. மொழிபெயர்ப்பு எண்டு சொன்னால் அது மொழிபெயர்ப்பா இருக்கவேணும்."

அகஸ்ரின் மேசைவிரிப்பின் நூலை இழுத்துக்கொண்டிருந்தான்.

"புத்தகத்தில போட்டிருக்கிற அந்தக் கலியாணங்கள்?"

"உண்மை. கன பொம்பிளையளை முடிச்சவர். முதல் மனிசிக்குத் தெரியாமலும் நடந்திருக்கு. ஒரு பிள்ளைக்குப் பதினாலு வயசு."

"பதினாலோ?"

"ஓம். அந்தப் பிள்ளை வளந்தபிறகும் சபையை விட்டுப் போகேல்லை. அது சரிதான் எண்டும் எழுதியிருக்கிறா. அதால அது சரியாகுமோ எண்டு என்னட்டக் கேக்காதை."

அகஸ்ரின் எழும்பி ஜன்னலடிக்குப் போனான். கீழே கார் தரிப்பிடத்தில் பழைய பனி கறுத்துக் கிடந்தது.

"இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச வருசத்தில நிலாணிக்கும் பதினாலு," என்றான்.

அவள் புத்தகத்தை மூடி மேசையில் அவன் பக்கம் தள்ளினாள்.

"கடைசியா என்ன சொல்லுறீங்கள்? அவர் தீர்க்கதரிசியோ, இல்லையோ?"

"என்ன செய்தவர், என்ன சொன்னவர் எண்டு கொஞ்சம் தேடிப் பாக்கலாம். கடவுள் அவரோட கதைச்சவரோ எண்டு பாக்கிறதுக்கு என்னட்ட ஒண்டுமில்லையடா. எனக்குக் களைப்பா இருக்கு."

அந்தக் கிழமை அகஸ்ரின் பிஷப்புக்குத் தொலைபேசி எடுத்து, வரவில்லை என்று சொன்னான். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருந்தான். ஜோசப்பின் பூசையால் வரும்போது தொலைக்காட்சியில் ஹொக்கி ஓடிக்கொண்டிருக்கும். அவன் அதைப் பார்க்கிறான் என்றும் சொல்ல முடியாது. பெயர்ப்பட்டிப் பெடியள் கதவைத் தட்டினால் சத்தமில்லாமல் இருப்பான். தம்பி தன் பக்கம் திரும்பிவிட்டான் என்று அவள் சந்தோசப்பட்டிருக்கவேண்டும். படவில்லை. அவனுக்கு மிஞ்சியிருந்த ஒன்றையும் நான்தான் பறித்தேனோ என்று பஸ்ஸில் போகும்போது நினைத்துக்கொள்வாள்.

சந்தோசப்பட்டது இரத்தினவேல்தான். வீட்டுக்கு வந்து அகஸ்ரினின் தோளில் கைபோட்டான்.

"மச்சான், கர்த்தர் கண்ணைத் திறந்திட்டார். இந்தக் கிழமை எங்கட சபைக்கு வா."

அகஸ்ரின் போனான். திரும்பி வரும்போது இரத்தினவேலும் கூடவே வந்தான். அப்போது ஜோசப்பின் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"மச்சான், ஒண்டு கேக்கிறன்," என்றான் அகஸ்ரின். "றோஸ்மேரி இப்ப எங்க?"

இரத்தினவேல் திகைத்தான். "என்ன கேள்வி மச்சான் இது?"

"உங்கட வேதத்தின்படி கேக்கிறன். அவள் மாதாவைக் கும்பிட்டவள். உங்களை மாதிரி ரட்சிக்கப்படேல்லை. எங்க இருக்கிறாள்?"

இரத்தினவேலுக்குப் பொய் சொல்ல வராது. "அது கர்த்தருக்குத்தான் தெரியும் மச்சான்," என்றான் கடைசியில். அவனுடைய கண் கலங்கியிருந்தது. றோஸ்மேரியின் செத்தவீட்டுச் செய்தி வந்த அன்று அகஸ்ரினை மடியில் போட்டு வைத்திருந்தவன் அவன்தான். தேத்தண்ணி குடியாமலே போய்விட்டான்.

கதவைப் பூட்டிவிட்டு அகஸ்ரின் சமையலறைக்கு வந்தான்.

"நீங்கள் சொல்லுங்கோ அக்கா."

"உத்தரிக்கிற ஸ்தலத்தில பாவம் கழிச்சுக்கொண்டிருந்தால் எங்கட செபத்தால மோட்சத்துக்குப் போவினம். வருசாவருசம் அவையளுக்குப் பூசை குடுக்கிறனான்."

"உத்தரிக்கிற ஸ்தலம் உண்மையோ எண்டு நீங்கள் லைபிரரியில போய்ப் பாத்தனீங்களோ? றோமில இருந்த பாப்புமார் என்னென்ன செய்தவை எண்டு?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். ஜோசப்பின் கத்தியை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தாள். அவள் பார்த்ததில்லை. பார்க்க நினைத்ததுமில்லை.

"இல்லை," என்றாள்.

அடுத்த கிழமை அவன் பிஷப்பிடம் போனான். பிஷப் வீடுகளுக்குச் சூடேற்றும் இயந்திரம் பூட்டிக்கொடுக்கும் தொழில் செய்கிற பருத்த மனிதர். அகஸ்ரின் எல்லாவற்றையும் தன் இங்கிலிஷில் சொன்னானாம். சிலது தனக்கும் தெரியும், எகிப்துச் சுருளைப் பற்றி இவ்வளவு தெரியாது என்று அவர் ஒத்துக்கொண்டாராம். அன்று அனுமதி கொடுக்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் செபம் செய்யுங்கள், நானும் செய்கிறேன் என்றாராம். அடுத்த மாதம் திரும்பப் போனபோது கொடுத்தார்.

"தீர்க்கதரிசியை நம்புறியோ எண்டு கேட்டவரோ?" என்று ஜோசப்பின் கேட்டாள்.

"கேட்டவர்."

"என்ன சொன்னனீ?"

"ஓம் எண்டன்."

"பொய்யோ?"

அகஸ்ரின் யோசித்தான். "தெரியேல்லை அக்கா. அந்த ரொறொன்ரோக் கதையில, வித்துப்படாமல் வந்த ஆக்கள் ஏன் இப்பிடி எண்டு கேக்க, சில வெளிப்பாடு கடவுளிட்ட இருந்து வரும், சிலது மனிசனிட்ட இருந்து வரும் எண்டு தீர்க்கதரிசியே சொன்னதா அந்தக் கிழவர் எழுதியிருக்கெண்டு பிறகொருநாள் சொன்னனீங்கள். உண்மையில சொன்னாரோ தெரியாது. ஆனால் எனக்கு அது விளங்குது. பிள்ளையும் மனிசியும் பிரியாதெண்டது கடவுளிட்ட இருந்து வந்ததா இருக்கட்டும். மிச்சத்தை நான் அவருக்காகப் பொறுப்பெடுக்கேல்லை. பிஷப்புக்கும் இதைத்தான் சொன்னனான். பிறகுதான் அவர் கையெழுத்துப் போட்டவர்."

சித்திரை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் பிரம்ரனுக்குப் போனார்கள். வேறு சபையாட்கள் உள்ளே போக முடியாது. ஜோசப்பினை வாசல் மண்டபத்தில் இருத்தினார்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மூதாட்டி அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இந்த இடத்தில் செபமாலை சொல்லலாமோ என்று யோசித்து, கைப்பைக்குள் விரலை விட்டு மணிகளைப் பிடித்தபடி அப்படியே நித்திரையாகிவிட்டாள்.

அகஸ்ரின் தோளைத் தொட்டு எழுப்பினான். காருக்கு வந்த பிறகும் அவன் திறப்பைப் போடாமல் இருந்தான்.

"முடிஞ்சுதோ?"

"ஓம்." ஸ்ரியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தான். "உள்ளுக்கு நடந்ததைக் கதைக்கக்கூடாது. ஒண்டு மட்டும் சொல்லுறன். பேர் சொன்னவை. றோஸ்மேரி எண்டது வடிவா வந்தது. நிலாணியைத்தான் அந்தக் கிழவர் நைலானி எண்டிட்டார். நான் நிப்பாட்டித் திருத்தினன். மன்னிப்புக் கேட்டு, திரும்ப வடிவாச் சொன்னவர்."

ஜோசப்பின் அவன் பக்கம் திரும்பினாள்.

"இந்த நாட்டில ஆரும் அவளின்ர பேரைச் சத்தமாச் சொல்லி நான் கேட்டதில்லை," என்றான்.

உண்மைதான். தானும் வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை என்று அவள் நினைத்தாள். சொன்னால் அவன் உடைந்துபோவான் என்று பயந்திருந்தாள். அவனும் அவளுக்காகத்தான் கேட்காமல் இருந்தானோ.

நானூற்றியொன்று நெடுஞ்சாலையில் ஏறி வாகனங்களுக்குள் ஊர்ந்துகொண்டிருக்கும்போது அவன் கேட்டான்:

"அக்கா, நான் வெளிக்கிடேக்க அவள் கதைக்கத் தொடங்கேல்லை. எப்பிடிக் கதைப்பாள்?"

ஜோசப்பின் கண்ணை மூடி இருக்கையில் சாய்ந்திருந்தாள். உடம்பு முழுக்க அலுப்பு. ஆனாலும் சொன்னாள்.

"வாய்க்காரி. 'ற' வராது, என்னை மாமி எண்டு கூப்பிடமாட்டாள், ஜோசி எண்டுதான். ஆடு கத்தினால் அதுக்கு மறுமொழி சொல்லுவாள். உன்ர படத்தைக் காட்டினால் அப்பா ஏன் சிரிக்கேல்லை எண்டு கேப்பாள்..."

ஒன்று சொல்ல இன்னொன்று வந்தது. மழைத்தண்ணிக்குள் சப்பாத்தை மிதக்கவிட்டது, கோயில் மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு ஆடினது, றோஸ்மேரி ஏசினால் மேசைக்குக் கீழே போய் இருந்து தானும் திருப்பி ஏசினது. அகஸ்ரின் சிரித்தான், மூக்கை உறிஞ்சினான், இன்னும் சொல்லுங்கோ என்றான். மோர்னிங்சைட்டுக்கு இறங்கும் வழி வந்தபோது அவள் சொல்லிக்கொண்டு வந்த கதை நிலாணியின் நாலாவது பிறந்தநாளுக்குத்தான் வந்திருந்தது. அகஸ்ரின் அந்த வழியில் இறங்கவில்லை. நேரே ஓட்டிக்கொண்டு போனான்.